கொம்புக்கு வர்ணம், காலுக்கு ஷூ

(பொங்கல் விடுமுறைச் சிறப்புக் கேள்வி-பதில்)

ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கவில்லை. சென்னையிலேயே பொங்கல் என்றால் மனசு ஒட்டவில்லையே? – வேளச்சேரி வாசகர்

டிக்கெட் கிடைத்தவர்களுக்கு ஊர் கிடைத்தது. உங்களுக்கு ஒரு பெருநகரமே கிடைத்திருக்கிறது! வருஷத்தில் இந்த மூன்று நாலு நாள்தான் சென்னை மூச்சு வாங்குகிறது. பொங்கலன்று வீட்டில் பானை பொங்கட்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரே ஒரு பையோடு பறக்கும் ரயிலில் ஏறுங்கள். கலங்கரை விளக்கம் அடுத்து திருவல்லிக்கேணி. அங்கே ஓர் இரவுக்கு அறை எடுங்கள். மறுநாள் மாட்டுப் பொங்கல் விடியலில் மெரினாவில் ஓட்டம். இருபத்து நாலு மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். விடுமுறைக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. வழக்கமான தெருவை விட்டு வெளியே ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போதும்.

போகியன்றே ஓட ஆரம்பித்தால் என்ன? – பெரம்பூர் வாசகர்

அன்று மட்டும் வேண்டாம். ஜனவரி விடியலில் தரையோரக் காற்று குளிர்ந்து கனமாகத் தங்கிவிடும். எரிகிற டயர், பிளாஸ்டிக் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தாமதமாயின. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிற நுரையீரல், ஓடும்போது ஐம்பது லிட்டருக்கும் மேல் இழுக்கும். அத்தனையும் புகை என்றால் அது உடற்பயிற்சி ஆகுமா? போகியன்று வீட்டுப் பழசைக் கழியுங்கள். டயரை மட்டும் தயவுசெய்து கொளுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது.

சரி, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? – சேப்பாக்கம் வாசகி

நேப்பியர் பாலத்தில் தொடங்குங்கள். 1869-இல் கூவத்தின் குறுக்கே கட்டப்பட்டு, 2022 செஸ் ஒலிம்பியாடின்போது சதுரங்கக் கட்டம் போட்டுக்கொண்டதே, அதே பாலம். அங்கிருந்து தெற்கே கலங்கரை விளக்கம் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். போய்த் திரும்பினால் ஆறரை. பொங்கல் சமயத்தில் சூரியன் எழுவது சுமார் 6.35-க்கு. 6.15-க்குக் கிளம்பினால் பாதி வழியில் இடக்கைப் பக்கம் கடலிலிருந்து எழுந்து வருவார்.

வழித்துணைக்கு ஆள் வேண்டாம், சிலைகள் இருக்கின்றன. முதலில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959-இல் திறக்கப்பட்டது. பாறையை நெம்பும் அந்த நான்கு பேரின் முதுகைப் பார்த்தபின் உங்கள் மூச்சுவாங்கல் பெரிதாகத் தெரியாது. அப்புறம் 1968 ஜனவரியில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்த சிலைகள்: ஔவையார், பாரதியார், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு.போப்... மாட்டுப் பொங்கல்தான் திருவள்ளுவர் நாளும். வள்ளுவர் சிலை முன்னால் ஒரு நிமிஷம் நின்று வணக்கம் சொல்லிவிட்டு ஓடுங்கள். அன்றைய விடுமுறையே அவர் பெயரில்தான்!

ஓடி முடித்ததும் ஜில்லென்று ஏதாவது? – திருவான்மியூர் வாசகர்

வழியிலேயே ஐஸ் ஹவுஸ் இருக்கிறது, ஆனால் ஐஸ் தீர்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது! அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க ஃபிரெடரிக் டியூடர் 1842-இல் கட்டிய கிடங்கு அது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். ஜில்லென்று வேண்டுமானால் இளநீர் குடியுங்கள்.

வெறுங்காலில் மணலில் ஓடினால் நல்லதாமே? – அடையாறு வாசகர்

இளகிய மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும். கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் ஷூவோடு நடைபாதையில் ஓடிவிட்டு, கடைசி ஐந்து நிமிஷம் மட்டும் வெறுங்காலில் ஈர மணலில் நடக்கலாம். கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று தரையைப் பார்த்து நடங்கள். கடலில் மட்டும் இறங்காதீர்கள். மெரினாவின் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

வெண்பொங்கல் ஓட்டத்துக்கு முன்பா, பின்பா? – தி.நகர் வாசகி

பின்புதான். நெய் செரிக்க நேரம் பிடிக்கும். வயிற்றில் பொங்கலை வைத்துக்கொண்டு ஓடினால் அதுவும் கூடவே குதிக்கும். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் போதும். திரும்பி வந்ததும் தாராளமாகச் சாப்பிடுங்கள். அரிசியில் குறைவான லைசின் பாசிப்பருப்பில் உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஓடிக் களைத்த தசைக்கு இந்த ஜோடிப் பொருத்தம் போதும். ஒரு சொல்: பண்டிகையன்று பல ஓட்டல்கள் திறக்காது. முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

அவர் ஷூ மாட்டிக்கொண்டு ஓடிவிடுவார். நான் அடுப்படியில் நிற்பேன். இது யாருக்கு விடுமுறை? – மயிலாப்பூர் வாசகி

இந்த இதழின் மிக முக்கியமான கேள்வி உங்களுடையது, அம்மா. அறை எடுக்கச் சொன்னதற்கு முதல் காரணமே அங்கே அடுப்பு கிடையாது என்பதுதான். நீங்களும் ஓடலாம், நடக்கலாம், ஏழு மணி வரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். முடிவு உங்களுடையது. முதல் நாள் பொங்கலுக்குத் தேங்காய் துருவுவதும் பாத்திரம் துலக்குவதும் அவர் பங்கில் இருக்கட்டும். ஒருவர் இடுப்பொடிய, இன்னொருவர் ஓடி வாங்கும் ஆரோக்கியம் வீட்டுக்கு ஆகாது.

ஓட்டம் முடிந்தபின் அன்றைய பொழுது? – குழந்தைகளோடு வரும் வாசகர், அம்பத்தூர்

திருவல்லிக்கேணித் தெருக்களைச் சுற்றுங்கள். மாட்டுப் பொங்கலைப் பார்க்கக் கிராமத்துக்குப் போக வேண்டியதில்லை. கொம்பில் வர்ணமும் கழுத்தில் மாலையுமாக மாடுகள் வீட்டு வாசலிலேயே நிற்கும். குழந்தைகள் கரும்பு கடிக்கட்டும். மறுநாள் காணும் பொங்கலன்று மெரினாவில் ஓட இடமிருக்காது. மணல் தெரியாத அளவுக்கு ஜனம். போனால், குழந்தையின் கையில் போலீசார் கட்டிவிடும் போன் நம்பர் அட்டையைக் கட்டாயம் வாங்கிக் கட்டுங்கள். சாப்பிட்ட குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். அதற்கடுத்த விடியலில் குனிந்து பொறுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் முதுகு இருக்கிறது.

மெரினா எப்போதுமே இவ்வளவு அகலமா? – ராயபுரம் வாசகர்

இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர் எழுந்தது. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை அது தடுத்தது. தடுத்த மணல் இந்தப் பக்கம் மெரினாவாக விரிந்தது. மணல் வராத வடக்கே, உங்கள் ராயபுரம் பக்கம், கடல் கரையைத் தின்றது. நாம் ஓடும் அகலம் உங்கள் மக்கள் இழந்த கரை. அடுத்த பொங்கல் ஓட்டத்தைக் காசிமேட்டில் வைத்துக்கொள்வோம், வழி காட்டுங்கள்.

மெடல் இல்லை, டைமிங் இல்லை. இது ஓட்டமா? – கொளத்தூர் வாசகர்

எதிரே வருகிறவருக்குப் ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று முழுசாகச் சொல்ல மூச்சு மிச்சமிருந்தால் உங்கள் வேகம் சரி. அன்றைக்கு அந்த ஒரு அளவு போதும். ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து, “லீவுக்கு எங்கே போனீங்க?” என்று கேட்பார்கள். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை என்று சொல்லுங்கள்.