நாக் குழுவுக்கு ஆம்பூரிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு (நாக்), பெங்களூரு.

பொருள்: கல்லூரி மியூசியங்களை அடிக்கடி வந்து பார்வையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) குடோன் கணக்கு எழுதுகிறவன். அதற்கு முன் இந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தேன். எந்தக் கல்லூரி என்று சொல்வதாக இல்லை. வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் யாருக்கெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கிறதோ, அவர்கள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் துறையில் ஒரு மியூசியம் உண்டு. தாங்கள் கல்லூரியை மதிப்பிட ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவீர்கள், அதுவும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும். மற்ற நாளில் மாணவன் எட்டிப் பார்த்தால், “ஸ்டாக்கில் குறைந்தால் யார் பதில் சொல்வது?” என்பார்கள். நியாயமான கேள்விதான். உள்ளே இருக்கும் வண்டுகளிடமும் அதை ஒருமுறை கேட்டிருக்கலாம்.

தாங்கள் வரும் தேதி தெரிந்துவிட்டால் போதும், துறைக்கு உயிர் வந்துவிடும். சுவருக்கு வெள்ளை, தரைக்கு பினாயில். வற்றிப்போன பாட்டில்களில் புது ஃபார்மலின். பாடம் செய்த எறும்புதின்னிக்கு வார்னிஷ். அந்த ஒரு வாரம் அது உயிரோடிருந்த நாளைவிடப் பளபளப்பாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, புது லேபிள்: கம்ப்யூட்டரில் அடித்து, லேமினேட் செய்து, தொகுதி, வகுப்பு, அறிவியல் பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில். பழைய லேபிள்கள் குப்பைக்கூடைக்குப் போகும். ராமபாணப் பூச்சி தின்றது போக அவற்றில் மிஞ்சியிருந்தது இரண்டே விஷயம்தான்: எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது.

ஒரு பாட்டிலை என்னால் மறக்க முடியவில்லை. விரல் நீளத்தில் நாலைந்து மீன்கள், வெளுத்துப்போய். அவற்றோடு உள்ளேயே ஒரு காகிதத் துண்டு மிதந்தது. பென்சில் எழுத்து, அதனால் கரையவில்லை. யாரோ ஒரு பழைய வாத்தியார் தமிழிலேயே எழுதிப் போட்டிருக்கிறார். முன்பாதி கிழிந்து, “ஆறு” என்பது மட்டும் மிச்சம். பாலாறா, பொன்னையாறா, செய்யாறா? விசாரிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் தங்கள் வருகை வந்துவிட்டது. ஃபார்மலின் மாற்றும்போது அந்தத் துண்டை அழுக்கு என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். இப்போது பாட்டிலின்மேல் “நன்னீர் மீன்கள்” என்று அழகாக ஒட்டியிருக்கிறது. தங்கள் குழுவினர் அதன் அருகில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

மீன் பாட்டிலில் என்ன வந்துவிட்டது என்று நினைக்கக்கூடும். 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பாலாற்றுக்கு எங்கள் தொழிலின் கழிவுநீர் செய்ததைப் பற்றிய வழக்கு. (அந்தத் தொழிலின் உப்பைத் தின்கிறவன் நான், அதுவும் மூட்டை மூட்டையாக. மேற்கொண்டு பேசவில்லை.) தோல் ஷாப்புகளுக்கு முன்னால் ஆற்றில் என்னென்ன மீன் இருந்தது என்று இன்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு பட்டியல் சொல்கிறார்கள். கையில் எடுத்துக் காட்டக்கூடிய சாட்சி அந்த மாதிரி பாட்டில்தான். அதன் வாயைத்தான் சுத்தம் செய்து அடைத்துவிட்டார்கள்.

பழைய சேகரிப்பு இப்படிச் சாட்சி சொன்னதும் உண்டு. 1967இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், வல்லூறுகளின் முட்டை ஓடு மெலிந்துவிட்டது என்று நிரூபித்தார். அவர் செய்தது, அலமாரிகளில் கிடந்த பழைய முட்டைகளை எடுத்து எடைபோட்டு அளந்ததுதான். 1940களின் பிற்பகுதிவரை கெட்டியாக இருந்த ஓடு, அதன்பின் மெலிந்திருந்தது. டி.டி.டி. வயலுக்கு வந்த காலம் அது. அதற்கும் முந்தி அந்த முட்டைகளைச் சேர்த்துவைத்தவர்கள் பூச்சிமருந்தைக் கனவிலும் கண்டதில்லை. இடத்தையும் தேதியையும் எழுதினார்கள், அவ்வளவுதான். நல்லவேளை, அவர்கள் ஊருக்கு லேமினேஷன் போகவில்லை.

இனி எங்கள் குடோனுக்கு வாருங்கள். பெரியமேட்டிலிருந்து வரும் லாரியில் ஆட்டுத்தோல் இறங்குகிறது. இறங்கிய அன்றே உப்பு பிடித்திருக்கிறதா என்று பார்த்து, லாட் நம்பர் போட்டு, தரை ஈரம் படாமல் பலகைமேல் அடுக்குவோம். அடுக்கில் சூடு ஏறுகிறதா என்று மேஸ்திரி நடுவில் கையை விட்டுப் பார்ப்பார். பதமானபின் செலக்‌ஷன் மேஜையில் ஒவ்வொன்றாக விரித்து, உண்ணிக்கடி, கத்திவெட்டு, முள்கீறல் எல்லாம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஆறு மாதம் கழித்து இத்தாலிக்காரர் போன் செய்து ஒரு பண்டலில் கறை என்றால், எந்த லாட், எந்த டிரம் என்று சாயங்காலத்துக்குள் நான் சொல்லியாக வேண்டும். தோலைத் தின்னும் வண்டு எங்களிடமும் உண்டு, அதே டெர்மெஸ்டிஸ்தான். கல்லூரியில் அதன் பெயரைப் படித்தேன். அதை விரட்டக் கற்றுக்கொண்டது குடோனில்.

ஆட்டுக்கு இந்த மரியாதை. ஆடு போனால் நாளைக்கே இன்னொன்று வாங்கலாம். எறும்புதின்னி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அது மக்கிப்போனால் எந்தச் சந்தையிலும் கிடைக்காது. போதாக்குறைக்கு, இளநிலை வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லி 2011இல் யு.ஜி.சி. வழிகாட்டுதல் தந்தது. தவளைகளின் சார்பில் நன்றி. ஆனால் அறுப்பது நின்றபின் மாணவர் கைக்கு எட்டக்கூடிய நிஜ விலங்கு பாட்டிலில் இருப்பது மட்டும்தான். அதையும் பூட்டிவிட்டு, செய்முறைத் தேர்வில் அடையாளம் காணும் ஸ்பாட்டருக்கு ஜெராக்ஸ் படம் வைக்கிறோம். நான் தேளை அடையாளம் கண்டு மதிப்பெண் வாங்கியதே அதன் புகைப்படத்தைப் பார்த்துத்தான்.

தாவரவியல் பக்கம் பேச்சையே எடுக்க வேண்டாம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டுப் பிழைத்த ஊர் இது. துறையின் உலர்தாவரச் சேகரிப்பில் (ஹெர்பேரியம்) அந்த ஆவாரங்கிளை ஒட்டிய தாளில் இலை உதிர்ந்து காம்பும் பசைநாடாவும் மட்டும் இருக்கின்றன. இன்னொன்று: பழைய தாள்களுக்குப் பூச்சி வராமலிருக்க மெர்குரிக் குளோரைடு பூசுவது வழக்கம். பாடம் செய்த பழைய தோல்களில் ஆர்சனிக் இருக்கக்கூடும். வெறுங்கையால் அவற்றைத் துடைக்கும் தற்காலிக ஊழியரிடம் அதை யாரும் சொன்னதில்லை. தங்கள் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் போடலாம்.

தமிழ்நாட்டில் முடியாத காரியமா என்றால், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பாதிரியார் கே.எம். மேத்யூ 1967இல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கி, அதை வைத்தே பெரிய தாவரத் தொகுதிகளை எழுதி முடித்தார். தங்கள் பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழகம் தன் ஹெர்பேரியத்தைக் கணினியில் ஏற்றிவைத்திருக்கிறது. ஆம்பூர் டீக்கடையில் உட்கார்ந்தே பார்க்கலாம். மறுபக்கம், 2016 ஏப்ரல் 26 அன்று டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 2018 செப்டம்பர் 2 அன்று பிரேசில் தேசிய அருங்காட்சியகம். எங்கள் மியூசியத்தில் ஸ்பிரிட்டும் ஃபார்மலினும் இருக்கும் அலமாரிக்கு மேலேதான் மெயின் ஸ்விட்ச்.

செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். இறுக்கமாக மூடும் நாலு ஸ்டீல் பீரோ. ஒரு பழைய டீப் ஃப்ரீசர்: மைனஸ் 20 டிகிரியில், பாலிதீனில் கட்டி ஒரு வாரம் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும், விஷமே தேவையில்லை. ஒரு பென்சில். ஓய்வு பெற்றுப்போன லேப் அட்டெண்டரின் இடத்துக்கு ஒரு ஆள். கடைசியாகச் சொன்னதுதான் கொஞ்சம் விலை கூடுதல்.

ஆகவே என் கோரிக்கை. இனி நேரில் வராமல் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடுவீர்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. தயவுசெய்து வேண்டாம், அப்புறம் அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போடக்கூட ஆள் இருக்காது. நேரில் வாருங்கள். கண்ணாடிப் பேழையைப் பார்க்காதீர்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியில் விரலை வையுங்கள். முதலாமாண்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு, அதை எடுத்துவந்து எங்கே, எப்போது பிடித்தது என்று சொல்லச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். எச்.ஓ.டி. நடுவில் புகுந்து, “சார், முதலில் பிரியாணி” என்பார். எங்கள் ஊர்ப் பிரியாணி, மறுக்க மனம் வராது. ஆனாலும் சாப்பாடு அந்தப் பெண் திரும்பி வந்தபிறகுதான்.

வரும் தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். எப்படியோ கசிந்துவிட்டால், பழைய லேபிள்களைக் கூடையில் போடாமல் ஒரு கவரில் கட்டி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். குடோனில் இடம் இருக்கிறது. நம்பர் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோல் ஷாப் குடோன் கணக்கர்,
ஆம்பூர்.