ரொட்டி சானாய்க்கு லீவு

கேள்வி: வயிறு அடிக்கடி உப்புகிறது. இரண்டு வாரம் குளுட்டன் இல்லாமல் சாப்பிட்டுப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, பத்து காஜா

பதில்: தோசை, புட்டு, இடியப்பம் என்று பசியாறுகிற வீடென்றால் பாதி விரதம் ஏற்கெனவே நடக்கிறதே, அம்மா! ரொட்டி சானாயும் மஞ்சள் மீயும் வெளிப்படையான எதிரிகள். ஒளிந்திருப்பவை வேறு: கிச்சாப்பில் கோதுமை, மைலோவில் பார்லி மால்ட், சாம்பாரில் போடும் பெருங்காயத்தில்கூடப் பல நேரம் கோதுமை மாவு. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டத்துப் பாட்டிகள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றே, பெயர் தெரியாமல் இந்த டயட்டை முடித்தவர்கள். அதே இரண்டாம் உலகப் போரில், 1944-45 பஞ்சத்தில், நெதர்லாந்தில் ரொட்டிக்குத் தட்டுப்பாடு. குளுட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயுள்ள குழந்தைகளோ தேறினார்கள். கோதுமைமேல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே கொண்டிருந்த சந்தேகம் வலுத்தது அப்போதுதான்.

சீலியாக் இருக்குமோ என்று பயமிருந்தால் ரத்தப் பரிசோதனையை முதலில் முடியுங்கள். குளுட்டனை நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தாலும் சோதனையில் தெரியாமல் போகலாம். பிறகு டாக்டரே வாரக்கணக்கில் கோதுமை சாப்பிடச் சொல்வார். (அந்த ஆசையில் வரிசையை மாற்றிவிடாதீர்கள்!)