செம்பியாவில் எங்கள் துறைமுகம்

போன கிழமை தங்கச்சியின் மகன் தன் டேப்லட்டை என் முன்னால் வைத்தான். "மாமா, நாங்கள் நாலு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கப் போறம். ஃபர்கொட்டன் ரெல்ம்ஸ்தான். இதில எதை வாங்கிறது?" விரலால் தள்ளத் தள்ள அட்டைப்படங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. 1987இல் வந்த சாம்பல் நிறப் பெட்டி, வாட்டர்டீப் நகரத்துப் புத்தகங்கள், வடதேசத்துப் புத்தகங்கள், பாலைவனத்துக்கு ஒன்று, குள்ளர்களுக்கு ஒன்று. என் பதினைந்து வயதில் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மட்டும் பார்த்தவை. இப்போது ஒரு மாலைக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம்.

1992இல் எங்களுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி இருந்தது. ஸ்காபரோவில் வீடு வீடாக விளம்பரத் தாள் போடுகிற வேலை எனக்கு. அம்மாவிடம் கொடுத்தது போக மாதத்துக்கு ஐந்தாறு டொலர் மிஞ்சும். ஒரு புத்தகம் வாங்கினால் அடுத்த நாலைந்து மாதத்துக்கு அதுதான் எங்கள் நாடு. பிழையான புத்தகத்தை வாங்கினால் மாரி முழுக்க அந்தப் பிழைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால் கடைக்குள் நின்று, கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை, பக்கம் பக்கமாகப் புரட்டுவோம்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு: மேசையைச் சுற்றிச் சிலர் இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை நடக்க ஒரு உலகம் வேண்டும். அந்த உலகத்தின் ஊர்களையும் அரசர்களையும் வழிகளையும் சொல்வதுதான் சோர்ஸ்புக்.

எங்கள் உலகமான ஃபர்கொட்டன் ரெல்ம்ஸை உண்டாக்கியவர் எட் கிரீன்வுட். ரொறொன்ரோவில் பிறந்து டொன் மில்ஸில் வளர்ந்தவர். சின்ன வயதில் கதைகளாக எழுதத் தொடங்கிய உலகம் அது. பிறகு நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதைப் பெருக்கினார். 1979 முதல் 'டிராகன்' இதழில் அவருடைய கட்டுரைகள் வந்தன. இந்த விளையாட்டை வெளியிட்ட, விஸ்கொன்சினில் இருந்த டிஎஸ்ஆர் நிறுவனம் அந்த உலகத்தை வாங்கியது. அங்கிருந்த ஜெஃப் கிரப் அவரோடு சேர்ந்து பெட்டிக்குரிய புத்தகமாக ஆக்கினார். டொன் மில்ஸ் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அதை அறிந்த அன்று எனக்கு வந்த சந்தோசத்தை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் குளிர் ஊரிலும் ஒருவர் இருந்த இடத்திலிருந்தே ஒரு கண்டத்தை எழுதியிருக்கிறார்.

சாம்பல் பெட்டி எங்களுக்குப் பழசாகத்தான் கிடைத்தது. எட்டு டொலர். விலை ஏன் குறைவு என்பது வீட்டில் திறந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு புத்தகங்கள் இருந்தன. அறுகோணக் கட்டம் போட்ட கண்ணாடித் தாள்கள் இருந்தன. நான்கு வரைபடங்களில் ஒன்று இல்லை. கடைக்காரர் சொல்லவில்லை, திரும்பிப் போனால் எடுக்கவும் மாட்டார். ஒரு அங்குலம் 90 மைல் என்ற அகன்ற வரைபடங்கள் இரண்டும் இருந்தன. ஒரு அங்குலம் 30 மைல் என்று நெருக்கமாகக் காட்டுபவற்றில் கிழக்குப் பக்கத்துத் தாள்தான் போயிருந்தது.

மேல்மாடித் தமிழ்ப் பெடியன் ஒருவன், ஒரு கயானாப் பெடியன், ஒரு போலந்துப் பெடியன், நான். நாலு பேருமாக அகன்ற வரைபடத்தில் பென்சிலால் சின்னச் சின்னச் சதுரம் போட்டு, ஒவ்வொன்றையும் மும்மடங்காகப் பெருக்கி, ஒட்டிய கடுதாசிகளில் கரையை வரைந்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. ஆறுகளைப் போலந்துப் பெடியன் நீல மையால் போட்டான். கை வடிவான கை. விழுந்த நட்சத்திரங்களின் கடல் எங்கள் குசினி மேசையில் உருவானதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கடலின் வடமேற்குக் கரையில் செம்பியா என்று ஒரு வணிக நாடு. பெட்டியைச் செய்தவர்கள் அதை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார்கள்: கதை நடத்துபவர் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளட்டும் என்று. மற்ற நாடுகளைப் பற்றி அவ்வளவு எழுதியவர்கள் அதில் மட்டும் கையை எடுத்திருந்தார்கள். அங்கேதான் எங்கள் துறைமுகத்தைக் கட்டினோம். பேர் 'முனை'. பருத்தித்துறை வெளிச்சவீட்டை அதன் நுனியில் வைத்தேன். ஊரில் இருந்த காலத்தில் ஆமி நின்றதால் கிட்டப் போக முடியாத வெளிச்சவீடு. முனையில் எந்த நேரமும் ஏறலாம் என்று விதி வைத்தேன். கயானாப் பெடியன் மீன் சந்தையைக் கொடுத்தான். சந்தையில் ஒரு கிழவி வதந்தி விற்பாள், காசுக்கு.

வதந்தி என்ற எண்ணமும் பெட்டியிலிருந்து வந்ததுதான். இரண்டாவது புத்தகத்தில் அந்த உலகத்து 1356, 1357ஆம் ஆண்டுச் செய்திகள் மாதம் மாதமாக வரும். இந்த ஊரில் இப்படிச் சொல்கிறார்கள், அந்தப் பாதையில் இப்படிக் கேள்வி. எது மெய், எது பொய் என்று தீர்ப்பது நடத்துபவரின் வேலை. இன்றைக்கும் ஒரு சோர்ஸ்புக்கை எடுத்தால் நான் முதலில் தேடுவது அதைத்தான்: இது எனக்கு முடிந்த கதையைத் தருகிறதா, தொடங்கக்கூடிய கதையைத் தருகிறதா. நாவல்களின் வீரர்களை எண்களோடு வரிசையாக அடுக்கிய புத்தகம் ஒன்றும் அந்த வரிசையில் உண்டு. அதை வாங்கிய மாதம் எங்கள் மேசையில் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவதாக நாங்கள் வாங்கியது 1988இல் வந்த 'தி சாவேஜ் ஃப்ரன்டியர்'. இன்று ஜெனல் ஜேக்வேஸ் என்று நாங்கள் அறிகிறவர் எழுதியது. 2024இல் அவர் இறந்த செய்தி வந்த இரவு அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மெல்லிய புத்தகம்தான், லஸ்கன் என்ற கடற்கொள்ளையர் நகரம், காட்டுக்குடிகள், பனிமலைகள் என்று ஒரு முழு வடதேசம் அதற்குள் இருந்தது. மூன்றாவது 'வோலோஸ் கைட் டு வாட்டர்டீப்', 1992. வோலோ என்ற ஊர்சுற்றி எழுதுவதாக வரும் சத்திர வழிகாட்டி. அவன் அளப்பதை எல்மின்ஸ்டர் என்ற கிழட்டு மந்திரவாதி அடிக்குறிப்பில் வந்து திருத்துவார். வாசிக்க வாசிக்கத் தெரு மணக்கும்.

மருமகனுக்கு இவற்றையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. அவன் பார்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருந்தது: இந்த உலகத்தில் புத்தகத்தைத் தெரிவது என்றால் ஆண்டையும் தெரிவதுதான். சாம்பல் பெட்டியில் ஆண்டு 1357. அடுத்த ஆண்டு கடவுள்கள் மண்ணில் இறக்கப்பட்டுப் பலர் மாண்டார்கள். 2001இல் வந்த பெரிய தடித்த புத்தகம் 1372இல் நிற்கிறது. ஒரே ஒரு புத்தகம்தான் வாங்கலாம் என்றால் நான் அதைத்தான் கையில் கொடுப்பேன், அவ்வளவு நிறைவான வேலை. 2008இல் வந்தது ஒரு நூற்றாண்டைத் தாண்டி 1479க்குப் பாய்ந்தது. மந்திரமே நோயாகி நாடுகள் அழிந்துபோயின. செம்பியா இன்னொரு பேரரசின் காலடியில் கிடந்தது. அதற்கு முன்னமே, 2000இலிருந்து, செம்பியாவுக்கென்று நாவல்கள் வரத் தொடங்கிவிட்டன. புத்தகக்கடையில் அதில் முதலாவதைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே வலித்தது. நல்ல எழுத்தாளர்கள்தான். ஆனால் அது எங்களுக்கென்று விட்ட கரை.

"அப்ப எல்லாத்தையும் வாங்கினால் என்ன? விலை பெரிசில்லைத்தானே" என்றான்.

வாங்கலாம். ஆனால் இந்த ஆண்டுகளையெல்லாம் ஒன்றாக இறக்கினால், உயிரோடிருக்கும் அரசன் ஒரு புத்தகத்திலும் அவன் கல்லறை இன்னொன்றிலும் வரும். பிள்ளைகள் விளையாடுவதை விட்டு, எது சரி என்று பார்க்கத் தொடங்குவார்கள். இதை என் மேசையிலேயே கண்டிருக்கிறேன். பிந்திய காலத்தில், வேலைக்குப் போய்க் கையில் காசு வந்தபிறகு, அலுமாரி நிறைய வாங்கினேன். அந்த ஆண்டுகளில் கூடி இருந்து விளையாடிய நாட்களைக் கைவிரலில் எண்ணலாம்.

நான் எழும்பிப் போய் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுத்து வந்தேன். மூலைகள் கிழிந்து நாடா ஒட்டிய பெட்டி. அவன் டேப்லட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எங்கள் ஒட்டுக் கடுதாசியை மெதுவாக விரித்தான். மடிப்பில் நீல மை கொஞ்சம் பரவியிருந்தது.

"முனை?" என்று வாசித்தான். "இது புத்தகத்தில இல்லையே."

"இல்லை. நாங்கள் போட்டது."

"இதை வைச்சுக்கொண்டே நாங்கள் தொடங்கலாமோ?"

தலையாட்டினேன். அவன் கண்ணாடித் தாளைக் கரைமேல் வைத்து, கையால் நீவி, வெளிச்சவீட்டிலிருந்து வடக்கே காட்டுப் பள்ளத்தாக்குகளை நோக்கிக் கட்டங்களை எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று.

"இவ்வளவு தூரம் போக எத்தனை நாள் மாமா?"

"கால்நடையோ, வண்டியோ?" என்று கேட்டேன்.