வாட்டர் ஜெட்டும் பழைய சாயமும்

கே: எங்கள் பலகை வீட்டில் வெளிச்சுவர்ச் சாயம் உப்பி உரிகிறது. வாட்டர் ஜெட் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் அடித்துத் தள்ளிவிடலாமா?
– லெம்பா பெர்த்தாம் வாசகர்

ப: தள்ளலாம், சாயத்தோடு பலகையும் போகும்! குழாய்த் தண்ணீரின் அழுத்தம் சில பார்தான். வீட்டு ஜெட்டோ நூறு பாருக்கு மேல் பீய்ச்சும். அந்த வேகம் மரத்தின் மென்மையான பகுதியைத் தோண்டி நாரை எழுப்பிவிடும். பலகை இடுக்கில் ஏறும் தண்ணீர் அதைவிட மோசம். உள்ளே தேங்கி, நீங்கள் ஆசையாக அடித்த புதுச் சாயத்தைப் பின்னாலிருந்து தள்ளும். மறுபடி அதே கொப்புளம்.

பாசி, அழுக்கு, தானாகப் பிடிப்பு விட்ட செதில் ஆகியவற்றைக் கழுவத்தான் ஜெட். சிவப்பு முனையைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அது ஒரே கோடாகப் பாய்ந்து மரத்தை வெட்டும், கால்பட்டால் காலையும். தண்ணீரை 40 டிகிரி அகலத்துக்கு விரிக்கும் வெள்ளை முனையை மாட்டி, ஒரு முழம் தள்ளி நின்று, மேலிருந்து கீழாக அடியுங்கள். மின்சார மீட்டர், சுவிட்ச் பக்கம் போகவே கூடாது. விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் சாயத்துக்கு ஸ்க்ரேப்பரும் உங்கள் கையும்தான். ஆனால் வீடு பழையது என்றால், ஜெட்டைத் தொடுமுன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: தாத்தா காலத்துத் தோட்டத்து வீடு. எத்தனை பூச்சு என்று யாருக்கும் தெரியாது. பயப்பட வேண்டுமா?
– ரிங்லெட் வாசகி

ப: சாயத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை அம்மா, அதில் இருக்கக்கூடிய ஈயத்துக்குப் பயப்படத்தான் வேண்டும். பழைய சாயங்களில், முக்கியமாக வெள்ளை, மஞ்சள், பச்சையில், ஈயம் தாராளமாகக் கலந்தார்கள். அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் அதை 1978இல் தடை செய்தது. இந்தியாவில் 90 பிபிஎம் என்ற வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும்.

ஜெட் அடித்தால் அந்தச் செதில் முற்றமெங்கும் தெறிக்கும். முற்றத்துக்குப் பக்கத்தில் உங்கள் கீரைப் பாத்தி, அதற்குக் கீழே வாய்க்கால், அது சேருமிடம் பெர்த்தாம் ஆறு. ஈயம் மக்கிப்போகிற பொருள் அல்ல, விழுந்த மண்ணிலேயே கிடக்கும். ஆகவே முதலில் ஒரு துண்டுச் சாயத்தைச் சோதித்துவிடுங்கள். ஈயம் இருந்தால் ஜெட் வேண்டாம். தரையில் பிளாஸ்டிக் விரித்து, சுவரை நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள். காய்ந்த சுவரில் உப்புத்தாள் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டாதீர்கள். நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அவசியம். வேலை முடியும்வரை பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

கே: கூரை பழைய அஸ்பெஸ்டாஸ் தகடு. அதற்கும் ஒரு பீய்ச்சு?

ப: வேண்டாம். வேண்டவே வேண்டாம். ஜெட் பட்டால் தகட்டிலிருந்து கிளம்பும் அஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

கே: தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். முடியுமா?
– ஹாபு வாசகர்

ப: வீட்டுக்காரம்மாவிடம் நானே பேசுகிறேன். நம் கேமரன் மலையில் மழை கொட்டித் தீர்ப்பதே அக்டோபர், நவம்பரில்தான். 2013இல் சுல்தான் அபு பக்கார் அணையைத் திறந்துவிட்டு, லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போனது அக்டோபர் 23. தீபாவளிக்குப் பத்தே நாள் இருந்தது. அந்த மாதத்துப் பலகை தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் ஊறிக் கிடக்கும். மரத்தின் ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் சாயம் அடிப்பது காசைக் கரைப்பதுதான். மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் கழுவி, நன்றாகக் காயவிட்டு அடியுங்கள். இந்தத் தீபாவளிக்கு ஒட்டடை அடித்து, வாசல் கதவுக்கு மட்டும் ஒரு பூச்சு கொடுத்தால் போதும் அம்மா.