கண்ணாடிக்கு அப்பாலிருக்கும் அதிகாரிக்கு ஒரு தாய்மாமனின் விண்ணப்பம்

அனுப்புநர்: பெண்ணின் தாய்மாமன், கடைத்தெரு, ஏரல்.

பெறுநர்: குடியேற்ற விசா நேர்காணல் அதிகாரி அவர்கள், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்.

பொருள்: நடந்து முடிந்த விவாகம் மெய்யாகவே நடந்தது என்று நிரூபித்தல் – குடும்பத்தார் செய்துவரும் முன்னேற்பாடுகள் – தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி,

அதிகாரத்தில் இருப்பவர்களை வணங்குவது எங்கள் ஊருக்குப் புதிய பழக்கமன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள இந்த ஏரலில் சேர்மன் பதவி வகித்து, 1908-ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று இளம் வயதிலேயே மறைந்த அருணாசல சுவாமிக்குக் கோயில் எடுத்து, அந்த உத்தியோகப் பெயரையும் விட்டுவிடாமல் 'சேர்மன் சுவாமி' என்றே இன்றளவும் வழிபட்டு வருகிறவர்கள் நாங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் திரளும் ஜனங்கள் தத்தம் குறைகளை அவருடைய சந்நிதியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் எவரிடமும் இரண்டு பிரதி ஆதாரம் கேட்டதாக இதுவரை தகவல் இல்லை. ஆகவே ஓர் அதிகாரியைத் தெய்வத்துக்குச் சமமாகக் கருதுவதில் எங்களுக்கு யாதொரு தடையும் கிடையாது என்பதை முதற்கண் தெரிவித்துக்கொண்டு, விஷயத்துக்கு வருகிறேன்.

என் சகோதரியின் மகளுக்கும், நியூ ஜெர்ஸியில் உத்தியோகம் பார்த்து அந்நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்ட எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனுக்கும் 2023-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் விவாகம் நடந்தது. நடந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை விடுமுறை முடிந்து விமானம் ஏறி, ஐ-130 என்னும் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்த பிறகே, கால்நாட்டு முதல் மறுவீட்டுச் சொதி வரையில் நாங்கள் செய்தவை யாவும் ஒரு பூர்வாங்கம் மாத்திரமே என்றும், உண்மையான முகூர்த்தம் தங்கள் ஜன்னலுக்கு முன்னால்தான் நடக்க இருக்கிறது என்றும் அறிந்துகொண்டோம். விசாவுக்குத் தகுதி உடையவர் என்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் விண்ணப்பிப்பவரையே சேரும் என்று தங்கள் நாட்டின் 1952-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் விதிக்கிறதாம். பெண் வீட்டார் சுமக்கும் பாரங்களின் ஜாபிதா எங்கள் தேசத்தில் ஏற்கெனவே நீளமானது. அதில் இன்னும் ஒன்று சேர்ந்ததைப் பற்றி நாங்கள் முணுமுணுக்கப் போவதில்லை.

சந்தேகப்படுவதே தவறு என்றும் நான் சொல்ல வரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு மாலை மாற்றுகிறவர்களும், மாலை மாற்றிவிட்டு மறைந்து போகிறவர்களும் உலகத்தில் உண்டு. நாங்களும் விசாரிக்கிறவர்கள்தாம், பையனுடைய ஊர் டீக்கடையிலும், அவன் படித்த பள்ளிக்கூடத்திலும், அவன் தகப்பனார் கடன் வாங்கும் இடத்திலும், கடன் கொடுக்கும் இடத்திலும் எங்கள் ஒற்றர்கள் நடத்திய விசாரணையின் திறத்தைத் தங்கள் இலாகா கண்டிருந்தால் அவர்களுக்கு உத்தியோகமே கொடுத்திருக்கும். ஒரே ஒரு வித்தியாசம், நாங்கள் விசாரிப்பது விவாகத்துக்கு முன்பு.

இனி, ஆதாரங்கள். தம்பதிகள் கூட்டாக வைத்திருக்கும் சொத்துப் பத்திரம், ஒரே வீட்டில் இருவரும் குடியிருப்பதற்கான வாடகை ஒப்பந்தம், இருவருடைய பணமும் கலந்து கிடக்கும் வங்கிக் கணக்கு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், அறிந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி ஆகியவை மெய்யான மணவாழ்க்கைக்கு அடையாளங்கள் என்று விண்ணப்பத்தோடு வந்த குறிப்பு கூறுகிறது. கணவன் ஒரு கண்டத்திலும் மனைவி மற்றொரு கண்டத்திலும் இருக்கும்படி வைத்து, அவர்கள் ஒரே வீட்டில் குடியிருந்ததற்கு வாடகைச் சீட்டு எங்கே என்று கேட்பதிலுள்ள நகைச்சுவையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ரசித்தார்கள். பெண் மட்டும் சிரிக்கவில்லை. சேர்ந்து வாழ அனுமதி வேண்டுமானால் சேர்ந்து வாழ்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும், சேர்ந்து வாழ்ந்ததற்கு அத்தாட்சி வேண்டுமானால் சேர்ந்து வாழ அனுமதி வேண்டும் என்ற இந்தச் சக்கரத்தை நியாய சாஸ்திரம் படித்த எங்கள் முன்னோர்கள் ஒரு தோஷம் என்று எழுதி வைத்தார்கள்; அதற்குத் தாங்கள் படிவ எண் கொடுத்திருக்கிறீர்கள்.

எங்களிடம் வேறு ஆதாரங்கள் இருந்தன. கல்யாண ஆல்பம் இருந்தது. அதனினும் மேலாக மொய் நோட்டு இருந்தது. கூட்டு வங்கிக் கணக்கை எந்தக் கயவனும் ஒரு மத்தியானத்தில் தொடங்கிவிடலாம். ஆனால் இன்னார் இவ்வளவு எழுதினார் என்று ஊர் முழுவதும் வரிசையாகப் பதிந்திருக்கும் மொய் நோட்டோ, அவர்கள் வீட்டு விசேஷங்களில் ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்து தீர வேண்டிய ஒரு தலைமுறைக் கடன் பத்திரம். பொய்க் கல்யாணத்துக்காக எவனாவது அத்தனை பேருக்குக் கடன்படுவானா என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆல்பத்தையும் நோட்டையும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பார்வையிட்டது. அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவுவண்டி நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நின்றுபோனதும், ஏரலில் பாலம் சேதமுற்று, கடைத்தெருவிலே சரக்கும் சேறும் ஒன்றாகக் கிடந்ததும் பத்திரிகைகளில் வந்த செய்திகள். எங்கள் ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகம் கரைந்து, தாலி கட்டும் கை மாத்திரம் மிஞ்சியிருக்கிறது. அது யாருடைய கை என்று தாங்கள் கேட்கலாம், கேட்பதற்குத் தங்களுக்கு உரிமையும் உண்டு. நோட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் காய வைத்தோம். மை ஓடிப்போன வரிகளை நிரப்புவதற்கு அக்கம்பக்கத்தார் தாமாகவே வந்து, தாம் எழுதிய தொகையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டு அரிசியை வெள்ளம் கொண்டுபோன அந்த வாரத்திலும், கொடுத்த மொய்யை ஒருவரும் மறக்கவில்லை. இதைவிடப் பெரிய உறுதிமொழிப் பத்திரம் எந்த நோட்டரியிடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

சர்க்கார் அத்தாட்சி வேண்டுமென்றால் அதுவும் உண்டு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த மதத்து விவாகமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும், செய்தோம். அதற்கும் முன்பாக, புரோகிதரும் அக்கினியும் இல்லாமல், உற்றார் உறவினர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே போதும், அது செல்லுபடியாகும் விவாகம் என்று 1967-இல் அண்ணாவின் ஆட்சி இந்து விவாகச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. இரண்டு மாலைகளையும் நாலு மனிதர்களையும் நம்பிய ஒரு சர்க்காரின் கீழே வாழ்ந்து பழகிவிட்ட எங்களுக்கு, நம்பாமையை அஸ்திவாரமாகக் கொண்ட ஒரு நடைமுறை கொஞ்சம் அதிசயமாகத்தான் இருக்கிறது. பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது; இது அசல்தான் என்று இனி அதற்குச் சட்டமே சாட்சி. அந்த வெற்றிலையை வைத்துத் தாம்பூலம் மாற்றி நிச்சயித்த கல்யாணத்துக்குத்தான் அந்த யோகம் இன்னும் வாய்க்கவில்லை. போதாக்குறைக்கு, பெண்ணின் பெற்றோருடைய பிறப்புச் சான்றிதழ்களில் திருநெல்வேலி ஜில்லா என்றும், பெண்ணின் சான்றிதழில் தூத்துக்குடி மாவட்டம் என்றும் இருக்கிறது. 1986-இல் ஜில்லாவைப் பிரித்தார்கள். எங்கள் ஊர் எங்கும் குடியேறவில்லை, ஜில்லாதான் குடிபெயர்ந்தது என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

இப்போது ஒத்திகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாலை ஆறு மணிக்குத் திண்ணையில் விசாரணை ஆரம்பமாகிறது. முதலில் எங்கே சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தார்கள், கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், மாமனார் பெயர் என்ன, மாப்பிள்ளைக்கு அங்கே என்ன சம்பளம், எத்தனை மணிக்குப் பேசிக்கொள்வீர்கள் என்று நான் கேட்க, பெண் நின்றபடி விடை சொல்ல வேண்டும். ஒரு நாள், தாங்கள் அமர்ந்திருக்கும் ஸ்தானத்தில் என் தாயார் அமர்ந்தார்கள்.

"மாப்பிள்ள பேரச் சொல்லுட்டி, பாப்போம்."

பெண் முழுப்பெயரையும், அந்நாட்டுப் படிவ வழக்கப்படி பின்பெயரை முன்னே நிறுத்தி, ஒப்பித்தாள். பிறகு, "நீங்க தாத்தா பேரச் சொல்லுங்க ஆச்சி" என்றாள்.

"போட்டி இவளே, அதெல்லாம் வாயில வருமா?"

சஷ்டியப்த பூர்த்தியும் சதாபிஷேகமும் கண்ட தம்பதி அவர்கள். தங்கள் ஜன்னலில் முதல் கேள்வியிலேயே தோற்றுப்போவார்கள். என் தகப்பனாரிடம் மனைவியின் பிறந்த நாளைக் கேட்டால், வீட்டில் கன்று ஈன்ற வருஷத்தைச் சொல்லுவார். அவருக்குத் தம் மனைவியைப் பற்றித் தெரிந்தவை வேறு. எந்தக் காலடிச் சத்தத்தில் கோபம் இருக்கிறது, எந்த மௌனத்தில் காய்ச்சல் இருக்கிறது என்பவை அவை. அவற்றைக் கேட்பதற்குத் தங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒத்திகையினால் ஒரு புதிய ஆபத்தும் விளைந்திருக்கிறது. பெண் இப்போது மிகவும் சரளமாக விடை சொல்லுகிறாள். மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும்போது முன்பெல்லாம் தலை குனியும், சொல் பாதியில் நிற்கும். இப்போது அவை இரண்டும் நீங்கி, இலாகா பரீட்சைக்குப் போகிறவள்போல ஆகிவிட்டாள். மனப்பாடம் செய்த விடை சந்தேகத்துக்கு இடம் தரும் என்று விஷயமறிந்தவர்கள் எச்சரித்ததனால், எவ்விடத்தில் தயங்குவது, எவ்விடத்தில் லேசாகச் சிரிப்பது என்பதற்கும் இப்போது தனிப் பயிற்சி நடக்கிறது. மெய்யாகவே விவாகமான ஒரு பெண்ணுக்கு, மெய்யாகவே விவாகமானவளைப்போல் நடிக்கக் கற்றுக்கொடுக்கும் இந்தக் காரியத்தில் எனக்குச் சில சமயம் வெட்கம் உண்டாகிறது. பொய்த் தம்பதிகளுக்கு அந்த வெட்கம் கிடையாது. அவர்களுக்கு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு இல்லறமும் கிடையாது. ஆகையால் இந்தப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறுகிறவர்கள் யாராயிருப்பார்கள் என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

விசா கிடைத்தாலும் விசாரணை ஓயாது என்கிறார்கள். 1986-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, விவாகமாகி இரண்டு வருஷம் நிறைவதற்குள் வந்து இறங்கும் மனைவிக்கு நிபந்தனையோடு கூடிய இரண்டு வருஷ வாசமே அருளப்படுகிறது. அது முடியும் தறுவாயில் மறுபடியும் தம்பதிகளாக நிரூபித்துக்கொள்ள வேண்டும். இத்தகைய விவாகங்களில் நூற்றுக்கு 30 பொய் என்று தங்கள் குடியேற்ற இலாகா அன்று சட்டசபையில் சொன்ன கணக்கை ஆதாரமாகக் கொண்டே அச்சட்டம் எழுந்ததென்றும், அந்தக் கணக்கே நிற்காத கணக்கு என்று பின்னால் வெளிப்பட்டதென்றும் படித்தேன். கணக்குப் போய்விட்டது, சட்டம் இருக்கிறது. இதில் ஓர் ஆறுதலும் உண்டு: பெண் அங்கே இறங்குவதற்குள் இரண்டு வருஷம் நிறைந்துவிட்டால் நிபந்தனை தானே நீங்கிவிடும். தாமதத்தையே தாங்கள் கல்யாணச் சீராகக் கருதி வழங்குகிறீர்கள் என்று நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.

மனைவியை எல்லையில் நிறுத்தி 'இவள் மனைவிதானா?' என்று கேட்பது தாங்கள் கண்டுபிடித்ததன்று. 1979-இல் விவாகம் செய்துகொள்வதற்காக லண்டனில் வந்து இறங்கிய ஓர் இந்திய ஆசிரியையை, அவர் கன்னிதானா என்று மருத்துவரைக் கொண்டு சோதித்தார்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். விஷயம் வெளியாகி, உலகம் காறி உமிழ்ந்த பிறகே அதைக் கைவிட்டார்கள். அதற்கும் வெகு முன்னால், 1913 மார்ச் 14-ஆம் தேதியன்று, தென்னாப்பிரிக்காவில் நீதிபதி ஸெர்ல், கணவனிடம் வந்த பாய் மரியம் என்ற பெண்மணிக்கு அனுமதி மறுத்து, பலதார மணத்துக்கு இடமளிக்கும் மதச் சடங்குப்படி நடந்த விவாகம் அந்நாட்டில் விவாகமே ஆகாது என்று தீர்ப்பளித்தார். ஒரே நாளில் அத்தேசத்து இந்திய மனைவிமார்கள் ஏறக்குறைய எல்லோரும் சட்டத்தின் கண்ணில் மனைவிமார்கள் அல்லாதவர்களாகிவிட்டார்கள். விளைவு என்ன? கஸ்தூரிபாய் சிறைக்குப் போனார். டால்ஸ்டாய் பண்ணையிலிருந்த தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு எல்லை கடந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தத்தை மூட்டினார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பெற்ற காய்ச்சலோடு மீண்டு, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதிலே உயிர் நீத்தாள். அவ்வாண்டிலேயே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த விவாகங்களை விவாகங்கள்தாம் என்று ஒப்புக்கொண்டது. மாறாக, 2024 ஜூன் 21-ஆம் தேதி, தங்கள் உயர் நீதிமன்றங்களுக்கெல்லாம் உயர்ந்த நீதிமன்றம், வெளிநாட்டு வாழ்க்கைத்துணையைத் தன்னோடு அழைத்து வைத்துக்கொள்வது ஒரு பிரஜையின் அடிப்படை உரிமையாகாது என்று கூறியிருக்கிறது. சத்தியாக்கிரகம் செய்ய எங்களுக்கு உத்தேசமில்லை. பெண்ணுக்கு மருத்துவப் பரிசோதனைத் தேதி நெருங்கிவிட்டது.

மனைவிமார்களின் குடியேற்ற விசாரணை சென்னை அண்ணாசாலையிலுள்ள தங்கள் துணைத் தூதரகத்தில் இல்லை, மும்பையில்தான் என்பதால் நாகர்கோவில்–மும்பை வண்டியில் புறப்படுகிறோம். தங்கப்போவது தாராவியில், உறவினர் வீட்டில். தோல் பதனிடும் தொழிலைத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்த் தலைமுறை தலைமுறையாக அங்கே வேரூன்றிய எங்கள் ஜனங்கள் தத்தம் மனைவிமார்களை மூட்டை முடிச்சோடு ரயிலேற்றி அழைத்துக்கொண்டார்கள். மித்தி ஆற்றுக்கு இக்கரையில் அது. அக்கரையில் பாந்திரா–குர்லா வளாகத்தில் தங்கள் ஜன்னல்.

முடிவாக என் விண்ணப்பம் இதுவே. பெண் தடுமாறினால் அது அவளுடைய சுபாவம் என்றும், தடுமாறாவிட்டால் அது எங்களுடைய உழைப்பு என்றும் தாங்கள் கருத வேண்டும். சேற்றுக் கறை படிந்த நோட்டை அவள் நீட்டினால் ஒரு பக்கமாவது புரட்டிப் பார்க்க வேண்டும். தங்களுக்கு நேரமிருந்து, சட்டமும் இடங்கொடுத்தால், தங்கள் கேள்வித்தாளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இத்தனை காலம் கணவரைப் பிரிந்து எப்படி அம்மா இருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் நாங்கள் அவளைத் தயார் செய்யவில்லை.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
பெண்ணின் தாய்மாமன்.