நாற்பது சதவீதம்

புது கம்பெனி 40 சதவீதம் கூடத் தருகிறதாம். வீடு பெரம்பூர், ஆபீஸ் சிறுசேரி. நடுவில் ஓ.எம்.ஆர். என்றொரு சாலை இருப்பதை ஆஃபர் லெட்டர் சொல்லவில்லை.

சி.டி.சி. என்பது கல்யாணப் பந்தி மெனு மாதிரி. உப்பு, ஊறுகாய், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஐட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். அடிப்படைச் சம்பளத்தில் கம்பெனி கட்டவேண்டிய 12 சதவீத பி.எஃப்., அதுவும் என் சம்பளம். 5 வருஷம் நகராமல் உட்கார்ந்தால் கிடைக்கப்போகும் கிராஜுவிட்டி, 4.81 சதவீதமாக இந்த வருஷமே என் சம்பளம். அப்புறம் 'வேரியபிள்'. அது சென்னை மழை. அறிக்கையில் தவறாமல் வரும்.

"எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?" என்றாள் மனைவி.

"கேப் உண்டு" என்றேன்.

"நான் அதையா கேட்டேன்?"

அம்மா மட்டும் எதிர்க்கட்சி. "பக்கத்து வீட்டுப் பையன்கூட அங்கதான்டா போறான்." அந்தப் பையனை நாங்கள் பார்த்தே ரெண்டு வருஷம் ஆகிறது. அவன் பேருக்கு வரும் பார்சல்களை வாங்கி வைப்பதோடு சரி.

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று ஹெச்.ஆர். அம்மணியிடமே கேட்டேன். "வொர்க்-லைஃப் பேலன்ஸ்தான் சார் எங்க கல்ச்சரே" என்றார் உற்சாகமாக. அப்போது இரவு மணி 9.40. போனில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது: "அம்மா, தூக்கம் வருதும்மா."