அடுக்கத்தில் ஒற்றைப்பலகைக் கணினி: நூற்பாவும் உரையும்

ஐந்து வோல்ட்டில் அடங்கிய கணினி
மின்னும் வலையும் மேவிய ஞான்றே
பல்பயன் தருமே, பனிமழை நாளில்
தாள்பற வாமல் தாங்குதல் தலையே.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், ராஸ்பெர்ரி பை எனப்படும் உள்ளங்கைக் கணினியால் அடுக்கம் ஊரார் அடையத்தக்க பயன்களை வகுத்துரைத்தல் நுதலிற்று. நூற்பா செய்தவரும் உரை வரைந்தவரும் ஒருவரே ஆதலால் பாடபேதம் இல்லை.

அடுக்கம் என்பது பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் பாதையில், பழனி மலைச் சரிவில் இருக்கும் ஊர். காப்பி, மிளகு, வாழை விளையும். ஐப்பசி அடைமழையில் பாதையில் மண் சரியும். கம்பி மேல் மரம் விழும். கரண்டும் சிக்னலும் கைகோத்துக்கொண்டு போகும். இது நிலம். கருவியோ 85 மி.மீ. நீளமும் 56 மி.மீ. அகலமும் உடையது. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டன் முதலானோர் உருவாக்கியது. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. பிள்ளைக்கென்று வாங்கிய அப்பாக்கள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது உரையாசிரியர் துணிபு.

இதை மலிவு என்பர், அன்றைய 35 டாலர் விலையைக் கருதி. அதை உயிர்ப்பிக்கச் சார்ஜர், மெமரி கார்டு, கீபோர்டு, மவுஸ், எச்.டி.எம்.ஐ. கேபிள், அந்தக் கேபிளைச் செருக வீட்டார் சீரியல் பார்க்காத நேரத்து டி.வி. ஆகியவை வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றவர் இக்கருவியைக் கண்டிருக்க நியாயமில்லை. ஆயினும் கணக்கு சரி.

இனிப் பயன் கூறுவாம். காப்பிப் பழத்தைப் பறித்துக் களத்தில் பரப்பினால் ஈரப்பதம் 10, 11 சதவீதத்துக்கு இறங்கும்வரை காய வேண்டும். நடுவில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், விலை விழும். ஆதலால் கணினியோடு மழை உணரித் தகடு ஒன்றை இணைத்துக் களத்தோரம் வைக்க, துளி விழுந்த மாத்திரத்தில் மணி அடிக்கும் என்பது நூல் வழக்கு. உலக வழக்கு வேறு. இது மேகம் தெருவில் நடமாடும் ஊர். மூட்டம் வந்து தகட்டில் படிந்தாலே அதையும் மழை என்று கொண்டு மணி அடிக்கும். நாளெல்லாம் அடிக்கும் மணிக்கு எவரும் எழுந்திருப்பதில்லை. உணர்திறனைக் குறைத்தாலோ, காப்பி நனைந்த செய்தியைக் காப்பி நனைந்தபின் ஐயத்துக்கிடமின்றி அறிவிக்கும்.

இவ்விடத்து அப்பத்தா மதம் ஒன்று உண்டு. திண்ணையில் உட்கார்ந்தபடி, “எதுத்த மலை தெரியல, அள்ளுங்கடா” என்பதே அதன் ஒற்றைச் சூத்திரம். துளி விழுமுன் அறிவிப்பது, மின்சாரம் வேண்டாதது, மெமரி கார்டு கெடாதது. அஃதேல், அப்பத்தா கண்ணயர்ந்துவிட்டால் என் செய்வது எனின், கணினியோடு கேமராவை இணைத்து எதிர்மலையை நிமிடத்துக்கொருமுறை படமெடுக்கச் சொல்லுக. மலைவிளிம்பின் கோடு படத்தில் மங்கி மறைந்தால் மணி அடிக்குமாறு பைத்தான் மொழியில் நிரல் எழுதுக. சில வரிகள் போதும். ஆக, அப்பத்தா மதத்தைப் பைத்தானில் பெயர்த்த அளவே கணினி அறிவுடைத்தாயிற்று. இதுவே இவ்வுரையின் உயிர்நிலை, ஏனைய விரிவு.

காட்டுமாடு வருவதை இரவுக் கேமராவால் கண்டு போனுக்குச் செய்தி அனுப்பலாம் என்பாரும் உளர். அற்றன்று. நாய் முன்னமே குரைத்துவிடும். செய்தி மறுநாள் சிக்னல் கிடைத்ததும் வரும். விடுக.

கருவிக்குக் குற்றம் இரண்டு. எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால் மெமரி கார்டு கெடக்கூடும் என்பது ஒன்று. 2015 டிசம்பரில் இதே கணினிகள் இரண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு ஏறின என்பதைக் காட்டி மறுப்பர். அங்கே கம்பி மேல் மரம் விழுவதில்லை என்க.

மற்றையது நாளறியாமை. 2023-இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முற்பட்டவற்றில் அணைந்தபின்னும் ஓடும் கடிகாரம் கிடையாது. ஐந்தாவதில் உண்டு, அதற்கும் பேட்டரி தனியே வாங்க வேண்டும். அக்கடிகாரமும் வலையும் இல்லாதபோது, கணினி தான் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே மீண்டும் தொடங்கும். செவ்வாய் இரவு போன கரண்ட் வியாழன் காலை வந்தால், வீட்டில் கணினி ஒன்றுக்கு மட்டும் இன்னும் செவ்வாய் இரவு. நான்காண்டுக்கொருமுறை பிறந்தநாள் காணும் பொருளிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது தகாது. பட்டன் பேட்டரியோடு வரும் டி.எஸ். 3231 கடிகாரத் தகட்டைச் சேர்ப்பது பரிகாரம்.

அப்பத்தாவாலும் நாயாலும் இயலாதது, தூங்காமல் உட்கார்ந்து ஒன்றையே குறித்துக்கொண்டிருப்பது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த பேர்ட்நெட், பறவைக் குரலைக் கேட்டு இனம் சொல்லும். மைக் ஒன்றை இணைத்தால் அது இச்சிறு கணினியிலேயே ஓடும், சிக்னல் வேண்டா. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் பழனிச் சிரிப்பான் எத்தனை மணிக்குச் சிரித்தது என்று பட்டியலே கிடைக்கும். எதைப் பார்த்துச் சிரித்தது என்பதைச் சொல்லும் நிரல் இன்னும் வரவில்லை.

அவ்வாறு குறிப்பெடுப்பது வேலையா எனின், இம்மலையின் மரபே அதுதான். 1899-இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவருகிறது. அங்கிருந்துதான் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். அடுக்கத்து வீட்டுக் கூரை நிழலில் வெப்ப உணரி ஒன்றைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடத்துக்கொருமுறை குறித்துவந்தால், காப்பி ஏன் முன்னே பூத்தது என்ற வழக்கு டீக்கடையில் எழும்போது ஒரு தரப்பிலாவது ஆதாரம் இருக்கும்.

‘தாங்குதல் தலையே’ என்றது என்னை? கருவியின் எடை 45 கிராம் அளவினது. தோட்டக் கணக்குச் சீட்டுகள் காற்றில் பறக்காமல் இருக்க அது போதும். மின்னும் வலையும் வேண்டாத பயன் அது ஒன்றே ஆகலின் தலையாயது என்றார்.

ஆகவே வாங்கக் கருதுவோர் கணினி ஒன்று, கடிகாரத் தகடு ஒன்று, மெமரி கார்டு இரண்டு வாங்குக. அப்பத்தா இல்லாத வீட்டார் கேமராவும் சேர்த்து வாங்குக.